கண்டக்டரின் கண்

கடைத்தெருவில் அவளுக்கு வைத்த பெயர் நோகாதக்கா. பச்சை குத்திக்கொள்ள வந்து நாற்காலியில் சாய்கிறவர் யாராக இருந்தாலும், ஊசி தோலைத் தொடுவதற்கு முந்தைய நொடியில் "நோகாது" என்று ஒரே ஒரு சொல் சொல்லுவாள். நோகும். அவளுக்கும் தெரியும், சாய்ந்திருப்பவருக்கும் இன்னும் இரண்டு நொடியில் தெரிந்துவிடும். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்காமல் யாரும் கையை நீட்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அது பொய் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கடை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு நீளமான மேசைக் கட்டில், ஊசிகளை அடுக்கி வைக்க இரும்பு அலமாரி. தெருவைப் பார்த்த கண்ணாடியில் பெரிய புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கும். ஒரு ஆணின் வெறும் முதுகு. அந்த முதுகு முழுக்க ஒரு பஸ் கண்டக்டர். தொப்பி, காதோரம் செருகிய பென்சில், தோளில் தொங்கும் தோல்பை. இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் தையல் போட்டு மூடிய தோல். வலது கண் மட்டும் திறந்திருக்கும். தெருவில் எந்தப் பக்கம் நடந்தாலும் அது நம்மையே பார்ப்பதுபோல இருக்கும். சலவைக் கடைக்காரர் முதல் வாரத்திலேயே தன் ஸ்டூலை அந்தப் பார்வை படாத மூலைக்கு நகர்த்திக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும், அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் தன் கடையில் உடனே கண்ணைச் சோதிக்கத் தோன்றுகிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த முதுகு அவளுடைய தம்பியுடையது. படத்தில் இருந்த அத்தனையும் அவள் குத்திய மை. அந்த வலது கண்ணின் கருமணி மட்டும் மை அல்ல. அது அவன் பிறக்கும்போதே இருந்த மச்சம்.

கண்டக்டர் அவர்கள் இருவரும் சின்ன வயதில் பார்த்த ஒரு டிவி தொடரில் வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு வரும். எண் இல்லாத ஒரு பஸ், அதில் ஒற்றைக்கண் கண்டக்டர். ஒவ்வொருவராக டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வருவார். நடுவில் ஏதோ ஒரு இருக்கைக்கு முன்னால் நிற்பார். குனிவார். அந்த ஒற்றைக் கண் திரை முழுக்க நிறையும். பிறகு, மிகவும் மரியாதையாக, "உங்களுக்கு டிக்கெட் வேண்டாம், உட்காருங்க" என்பார். அந்த ஆளுக்குக் காசு மிச்சம் என்று சந்தோஷம். அடுத்த முறை அந்த இருக்கையைக் காட்டும்போது ஒரு குடையோ கைப்பையோ மட்டும் கிடக்கும். ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. அதுதான் பயம். ஒரு வருடம் ஓடிய தொடரை முடிவு சொல்லாமலேயே ஒருநாள் நிறுத்திவிட்டார்கள்.

அவளுக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. குனியும் காட்சி வந்தால் அவள் தலையணையை முகத்தில் அழுத்திக்கொள்வாள். அவன் கண் கொட்டாமல் பார்ப்பான். மறுநாள் வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதே விளையாட்டு. அம்மா திரைச்சீலைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம்; தையல் மெஷினின் சத்தம்தான் பஸ் ஓடும் சத்தம். அம்மா காலை எடுத்தால் பஸ் நின்றுவிடும். எப்போதும் தம்பிதான் கண்டக்டர். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வருவான். அவர் ஏன் அப்படி ஆட்களைக் கொல்கிறார் என்று ஒருமுறை அவள் அழாத குறையாகக் கேட்டாள்.

"அவரு எங்கக்கா கொல்றாரு? அவருக்குத் தெரியுது, சொல்றாரு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தாத்தானே தப்பு?"

ஏழு வயதுப் பேச்சு. அம்மாகூட மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவள் மனதில் அது எங்கோ ஒட்டிக்கொண்டது.

தொழிலுக்கு அவள் வந்ததும் அந்தத் தையல் மெஷின் வழியாகத்தான். துணியில் பூ வேலைக்கு மெல்லிய தாளில் படம் வரைந்து, கோட்டின் மேல் குண்டூசியால் துளைபோட்டு, சாக்பொடி தேய்த்து இறக்கிக் கொடுப்பாள். கல்லூரி முடித்த வருடம் ஒரு பச்சை குத்தும் கடையில் படம் வரைய ஆள் தேடினார்கள். போனாள். துணிக்குப் பதில் தோல், அவ்வளவுதான் என்று வீட்டில் சொன்னாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தோலுக்கு ஓரம் தைக்க முடியாது, பாத்துச் செய்" என்றாள்.

அந்தக் கடையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. மச்சத்தின் மேல் ஊசி படக்கூடாது. சுற்றிலும் ஒரு நூலளவு இடம் விட்டுத்தான் வேலை. மச்சம் மாறினால் வெளியே தெரிய வேண்டும். மையால் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும். அவள் அதை மீறியதே இல்லை. குத்துவதற்கு முன் தோலின் மேல் டிரேசிங் தாளை விரித்து, அந்த இடத்திலுள்ள மச்சங்களையும் தழும்புகளையும் அதே அளவில் சிவப்புப் பென்சிலால் வரைந்துகொள்வாள். படத்தை அதற்கேற்ப அமைப்பாள். வேலை முடிந்ததும் தேதி எழுதி, தாளைச் சுருட்டி அலமாரியில் வைப்பாள். இருபத்திரண்டு வருடத்துத் தாள்களும் இருந்தன. மூக்குக்கண்ணாடிக்காரர் அதை ஊரார் தோல் நூலகம் என்பார்.

வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பொம்மையையோ நடிகையையோ பாட்டையோ கொண்டுவருவார்கள். வங்கி மேலாளர் ஒருவர் தொடையில் மஞ்சள் முகமூடி மல்யுத்த வீரனைக் குத்திக்கொண்டார். மேலே இஸ்திரி மடிப்பு கலையாத பேண்ட். அக்கா தங்கை இருவர் ஒரு ரேடியோ மைக்கை ஆளுக்குப் பாதியாகக் குத்திக்கொண்டு, கையைச் சேர்த்து வைத்துப் பார்த்து அழுதார்கள். யார் எதைக் கேட்டாலும் அவள் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றே. "அதைப் பாக்கும்போது பக்கத்தில யாரு உக்காந்திருந்தாங்க?" பதில் வந்தபிறகுதான் பென்சிலை எடுப்பாள். பிடித்தது பொம்மை இல்லை, பக்கத்து இருக்கை என்பது அவளுடைய கட்சி. அவளுடைய கைகளே அதற்குச் சாட்சி. இடக்கையில், எப்போதும் ரயிலைத் தவறவிடும் ஒரு கார்ட்டூன் தவளை, பெட்டியோடு; அது அம்மாவுக்குப் பிடித்தது. முழங்கைக்கு மேல், கல்லூரித் தோழியோடு பதினொரு முறை பார்த்த படத்தின் குடை. மணிக்கட்டில் ஒரு பஸ்ஸின் படிக்கட்டு. அதில் யாரும் நிற்கவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் நடுக்குழியில் கயிற்றில் தொங்குகிற வேலை. அக்கா கடையில் ஊசிக்குப் பயந்து பத்து வருடம் தப்பித்துத் திரிந்தவன், முப்பத்தாறாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து சட்டையைக் கழற்றினான். கண்டக்டர் வேண்டும், முதுகு முழுக்க.

"பக்கத்தில யாருடா உக்காந்திருந்தா?"

"தலகாணிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ஒருத்தி."

அவன் முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, மிளகளவு மச்சம். அவள் தாளை விரித்து அதைச் சிவப்பில் வரைந்தாள். கண்டக்டரை இடப்பக்கம் தள்ளி அமைத்தால்தான் மச்சம் முகத்தில் படாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் குப்புறப் படுத்தபடியே சொன்னான்.

"எதுக்குக்கா தள்றே? கண்ணு ஏற்கெனவே இருக்கு. மீதி ஆளை மட்டும் நீ வரை."

அவள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். உண்மைதான். முகத்தை அங்கே வைத்தால் மச்சம் அச்சாகக் கருமணி. ஊசி படவே வேண்டாம். சுற்றிலும் நூலளவு இடம் விட்டு வெண்விழியை வரைந்தால் போதும். விதியும் மீறவில்லை, படமும் உயிரோடு வரும். அந்த நிமிடம் அவளுக்கு உண்டானது பயமில்லை, சந்தோஷம். பின்னாளில் அவளுக்கு ஆறாதது அதுதான்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. முதல் ஞாயிறு பல்லைக் கடித்தவன், மூன்றாவது ஞாயிறு மெஷின் சத்தத்தில் தூங்கியே போனான். அம்மா தைக்கிற மாதிரி இருக்கிறது என்றான். கண்காட்சியில் அந்த முதுகுக்கு முதல் பரிசு. நடுவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கண்ணருகே முகத்தை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் லென்ஸ் வைத்தே பார்த்தார். இந்தக் கருமை எந்த மை என்று கேட்டார். அவளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், சொல்லவில்லை. புகைப்படம் கடைக் கண்ணாடிக்கு வந்தது. கூட்டமும் வந்தது.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு பிற்பகல், ஒரு பெண்ணின் கணுக்காலில் பாதி வேலையில் இருந்தபோது தம்பி மனைவி போன் செய்தாள். நூலகத்தில் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு முறை யோசித்துத்தான் வாயைத் திறப்பாள்.

"அண்ணி, அவரு முதுகில அந்தக் கண்ணு கொஞ்சம் பரவின மாதிரி தெரியுது. ஒருதடவை பாக்கறீங்களா?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் பதில் சொன்னாள். "மை ரெண்டு வருஷத்தில லேசாப் பரவும்மா. எல்லாருக்கும் அப்படித்தான். வெயில்ல சட்டையில்லாம அலைய வேண்டாம்னு சொல்லு."

பதினைந்து நொடி. அந்தப் பக்கம், சரி அண்ணி என்று போனை வைத்துவிட்டாள்.

கண்ணில் மை இல்லை. உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி இவள். ஆனால் அதை வரைந்து, பரிசு வாங்கி, படமாக மாட்டி, தினமும் காலையில் கடை திறக்கும்போது துடைத்துத் துடைத்து, அவளுக்கு அது மச்சம் என்பது போய்க் கண் என்று ஆகிவிட்டிருந்தது. கண் பரவுகிறது என்றால் மை பரவுகிறது. தொழில் தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தால், எதற்கும் டாக்டரிடம் காட்டு என்று சொல்லியிருப்பாள்.

எட்டு மாதம் கழித்துக் கடையின் ஷட்டர் மேலே ஏறாமல் மாட்டிக்கொண்டது. தம்பிதான் வந்து சரிசெய்தான். புழுக்கத்தில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏணியில் நின்றிருந்தான். மூக்குக்கண்ணாடிக்காரர் மூன்று பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தவர், படத்தையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, படத்தில இருக்கிறவரு நேரா பாக்கறாரு. உன் முதுகில இருக்கிறவரு ஓரக்கண்ணால என்னைப் பாக்கறாரே. பவர் ஏறிடுச்சு. வா, ஒரு கண்ணாடி போட்டுடலாம்."

தம்பி ஏணி ஆட ஆடச் சிரித்தான். கண்டக்டருக்குக் காசு கொடுக்கத்தான் வழியில்லை, கண்ணாடியாவது கடனாகக் கொடுங்கள் என்றான். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். கண்டக்டர் திரும்பியிருந்தார். கருமணி விளிம்பைத் தாண்டிக் கண்ணின் ஓரத்தை நோக்கி ஒழுகியிருந்தது. அது இப்போது வாசல் பக்கம் பார்த்தது.

மூக்குக்கண்ணாடிக்காரர் போகும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு, ஒரு சின்ன அளவு எடுக்க வேண்டும், படு என்றாள். அலமாரியில் அந்த வருடத்துச் சுருளைத் தேடி எடுத்தாள். பழைய டிரேசிங் தாளை அவன் முதுகின் மேல் விரித்தாள். நான்கு மூலைக் குறிகளும் பொருந்தின. தொப்பியின் விளிம்பு பொருந்தியது. காதோரத்துப் பென்சில், மீசை, தையல் போட்ட இடது கண், தோல்பையின் வார், எல்லாமே இம்மி பிசகாமல் தாளுக்கு அடியில் போய் உட்கார்ந்தன. சிவப்புப் பென்சில் வட்டம் மட்டும் பொருந்தவில்லை. அதன் ஒரு பக்கத்தில் கருப்பு வெளியே வந்திருந்தது. வந்த இடத்தில் ஒரே கருப்பாகவும் இல்லை. ஒரு ஓரம் நீலம் கலந்தாற்போல, ஒரு ஓரம் செங்கல் நிறமாக. வட்டத்தின் அளவைப்போல இரண்டு மடங்கு.

"என்னக்கா, ஊசியே எடுக்காம இவ்வளவு நேரம்?"

தாளை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. எடுத்தால் வெறும் கண்டக்டர்தான் தெரிவார். தாள் இருக்கும்வரைதான் அது என்னவென்று தெரியும்.

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போகணும்" என்றாள்.

அவனுக்கு எடுத்த எடுப்பில் விளையாட்டாகத்தான் இருந்தது. நாளைக்கு மூன்று கட்டடத்தில் வேலை, ஒன்றில் ஆள் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கத்தியிருக்கிறார் என்றான். டாக்டர் வெட்டத்தான் சொல்லுவார், கண்ணை வெட்டிவிட்டால் கண்டக்டர் யாருக்கு டிக்கெட் என்று எப்படிப் பார்ப்பார் என்றான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தாத்தான் தப்புன்னு நீதான் சொன்னே."

"நான் எப்போ சொன்னேன்?"

"ஏழு வயசில."

"ஏழு வயசில சொன்னதை எல்லாம் இப்படிப் பிடிச்சு வெச்சுக்கிட்டா மனுசன் எப்படிக்கா பொழைக்கிறது?" சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். அடுத்த வாரம் போகிறேன் என்றான்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. போன் செய்தால், லிஃப்டுக்குள் இருக்கிறேன், சிக்னல் இல்லை என்று தெளிவாகக் கேட்கும் குரலில் சொல்லுவான். மூன்றாவது வாரம் கடையைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வேலையில் இருந்தான். தம்பி மனைவி வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். இவள் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சிவப்பு வட்டத்தைக் காட்டி, அந்தக் கண்ணில் மையே கிடையாது, அது மச்சம் என்று சொன்னாள்.

தம்பி மனைவி வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "நான் மச்சத்துக்கு மேலயும் மை வெச்சிருக்கீங்கன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்." பிறகு நிமிர்ந்து, "அன்னிக்கு மைன்னு சொன்னீங்களே அண்ணி."

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பி மனைவி அவனை ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்காரவைத்திருந்தாள்.

டாக்டரம்மா வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்காட்சி நடுவர் வைத்துப் பார்த்த அதே மாதிரி லென்ஸ். யார் வரைந்தது என்று கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. "சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கீங்க. இவ்வளவு நல்லா வரைஞ்சா, உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத்தாம்மா பாக்கத் தோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வெட்டி எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: புற்றுநோய். தோலோடு நிற்கவில்லை, அக்குள்வரை போயிருக்கிறது என்றார்கள். அதற்கும் ஒரு அறுவை சிகிச்சை. பிறகு மாதம் இரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டும்.

கட்டுப் பிரித்த அன்று தம்பி இரண்டு கண்ணாடிகளை எதிரெதிராக வைத்து முதுகைப் பார்த்தான். இடது கண்ணில் அவள் வரைந்த தையல். வலது கண்ணில் டாக்டரம்மா போட்ட தையல். எது யார் வேலை என்று சட்டென்று சொல்ல முடியாது.

"ரெண்டும் போச்சா. சரி, இனிமே யாரையும் பாக்க மாட்டாரு" என்றான். கண்ணாடிகளைக் கீழே வைத்துவிட்டு, "தழும்பு அசிங்கமா இருக்குக்கா. கண்ணை மூடித் தூங்கற மாதிரி ஒரு இமை வரைஞ்சுடேன்" என்றான்.

தழும்பின் மேல் ஒரு வருடத்துக்கு ஊசி வைக்கக் கூடாது. அதுவும் விதிதான். சொன்னாள். சொல்லும்போது அவள் கண் சுவரில் இருந்த நாள்காட்டிக்குப் போனது. டாக்டரம்மா ஒரு வருடம் என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும்.

"அப்ப ஒரு வருஷம் கழிச்சு ஒரு தேதி குடு. மத்தவங்களுக்குக் குடுக்கிற மாதிரி, சீட்டு எழுதிக் குடு."

கடைச் சீட்டில் தேதி எழுதினாள், காலை பத்தரை என்று எழுதினாள், வேலை என்ற இடத்தில் இமை என்று எழுதினாள். அவன் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

"நோகுமா?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கேட்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள். வாய்வரை வந்தது.

"நோகும்டா" என்றாள்.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "சரி, வரேன்" என்றான்.

மருந்து ஏற்றும் நாட்களில் அவளும் கூடப் போவாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறினால் அவன் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவான். கயிற்றுக்கு கிரீஸ் வைத்து ஆறு மாதமாயிற்று என்பான், நாலாம் மாடிக் கதவு ஒருநாள் காலை வாரும் என்பான். நாலாம் மாடிக் கதவு உண்மையாகவே ஒருநாள் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு முழுக்க அவன் உற்சாகமாக இருந்தான். உடம்பு பாதியாகக் கரைந்திருந்தது. ஐந்தாவது மாதம் சக்கர நாற்காலி. அன்று வார்டு வாசலில் காவலாளி புதியவர். உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் பார்வையாளர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்று கொடுத்தார். தம்பியும் கையை நீட்டினான். காவலாளி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு அட்டை வேண்டாங்க. நீங்க உக்காந்திருங்க."

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. நீட்டிய கையை அவன் மெல்ல மடியில் வைத்துக்கொண்டான். அவள் நாற்காலியைத் தள்ளினாள். ஒரு சக்கரம் வார்டின் கடைசிக் கட்டில்வரை கீச்சிட்டுக்கொண்டே வந்தது.

எட்டாவது மாதம் அவன் போனான்.

அவள் கடைக் கண்ணாடியிலிருந்து படத்தை இறக்கினாள். வெயில் படாத அந்த இடம் கண்ணாடியில் ஒரு கட்டமாகத் தெளிவாகத் தெரிந்தது. எத்தனை துடைத்தும் மற்ற இடங்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. பழைய சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சிவப்பு வட்டம் இருந்த தாள்களின் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து, வந்து ஒருதரம் காட்டிவிட்டுப் போங்கள் என்று அழைத்தாள். சிலர் வந்தார்கள். வங்கி மேலாளர் வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தொடையைக் காட்டினார். பலர் எண்ணை மாற்றியிருந்தார்கள். ஒருவர், எனக்கு வேண்டாம், தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வைத்துவிட்டார். இருவரை டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். ஒருவருக்கு ஒன்றுமில்லை. இன்னொருவர் என்ன ஆனது என்று சொல்லவே இல்லை. ஊசி வைக்கும் முன் இப்போது அவள் எதுவும் சொல்வதில்லை. பழைய வாடிக்கையாளர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, "சொல்லுங்கக்கா" என்று கேட்பார்கள். "மூச்சை விடுங்க" என்பாள்.

தம்பி மனைவி அவளோடு பேசவில்லை. சண்டை ஒன்றுமில்லை. காரியங்கள் முடிந்ததும் போன் நின்றுபோயிற்று, அவ்வளவுதான். இவள் இரண்டு முறை போய் வாசலில் மணி அடித்தாள். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

சீட்டில் எழுதிய தேதி வந்தது. முன்பதிவு ஏட்டில் பத்தரைக்கு எதிரே இமை என்று அவள் கையெழுத்தே இருந்தது. அன்றைக்கு வேறு யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. மேசைக் கட்டிலில் புதுத் தாள் விரித்தாள். ஊசி உறையைப் பிரிக்காமல் தட்டில் வைத்தாள். மூக்குக்கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எதையோ கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிப் போனார்.

பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. தம்பி மனைவி. நூலகத்துக்குப் போகிற உடை, தோளில் பை. பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பர்ஸின் மடிப்பு அதில் அப்படியே இருந்தது.

"இன்னிக்கு அவருக்கு நேரம் குடுத்திருந்தீங்க."

"ஆமாம்மா."

"அந்த நேரத்தை எனக்குக் குடுங்க. என் முதுகைப் பாத்துச் சொல்லணும். எனக்கு எட்டாது. வீட்டில பாக்க இனி ஆளில்லை."

அவள் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டாள். தம்பி மனைவி குப்புறப் படுத்தாள். ஐந்து ஞாயிறு அவன் படுத்திருந்த இடம் என்பது அவளுக்கும் தெரியும். இவள் கையுறை மாட்டி, விளக்கை இழுத்து, டிரேசிங் தாளை அந்த முதுகின் மேல் விரித்தாள். சிவப்புப் பென்சிலால் கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. சின்னச் சின்னதாக, கடுகளவு. இடுப்புவரை பதினொன்று இருந்தன. எட்டாவது, முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் ஓரம் வட்டமாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. விளக்கை இன்னும் கீழே இழுத்தாள். இது எப்போதும் இப்படித்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் ஏதுமில்லை.

"என்ன அண்ணி, பேசாம இருக்கீங்க?"

ஒன்றுமில்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"ஒண்ணு எனக்குத் தெரியலம்மா. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட நாம ரெண்டு பேரும் போறோம்."

தம்பி மனைவி மேசைக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"எட்டுக்கு" என்றாள் அவள். தாளின் மூலையில் தேதியை எழுதி, எட்டாவது மச்சத்தைச் சுற்றி இன்னொரு கோடு போட்டாள்.